வகுப்பில் கதையைப் பற்றிக் குழுவாகப் பேசச் சொல்கிறார்கள். பேச வராத நான் எப்படித் தயாராவது?

கேள்வி கேட்டவர் பதினொன்றாம் வகுப்பு மாணவர். வகுப்பை ஆறு ஆறு பேராகப் பிரித்து, கதை ஒன்றைப் படித்துவந்து பேசச் சொல்லியிருக்கிறார்களாம். "எனக்குக் கூட்டத்தில் பேச வராது. மற்றவர்கள் பேசி முடித்த பிறகு எனக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது" என்கிறார்.

நானும் பதினொன்றாம் வகுப்பில்தான் முதன்முதலாக இப்படி ஒரு குழுவில் உட்கார்ந்தேன். கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு. பெஞ்சுகளை இழுத்து வட்டமாகப் போட்டோம். அதுவரை பையன்கள் ஒரு பக்கம், பெண்பிள்ளைகள் ஒரு பக்கம் என்று கரும்பலகையைப் பார்த்தே உட்கார்ந்து பழகியவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்காரவே கூச்சமாக இருந்தது. அதனால் உங்கள் பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

தமிழ் ஐயா எங்களுக்குக் கொடுத்தது கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’. பாடப்புத்தகத்தில் இல்லாத கதை. ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ். அழகிரிசாமி பிறந்த இடைசெவல் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. அதே ஊரில் அதே 1923ஆம் ஆண்டில்தான் இன்னொரு எழுத்தாளரான கி. ராஜநாராயணனும் பிறந்தார் என்று ஐயா சொன்னதும், பஸ் ஜன்னலில் தினமும் பார்க்கும் அந்தக் கரிசல்காடு எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. ‘அன்பளிப்பு’ என்ற பெயரிலேயே வந்த தொகுப்புக்கு 1970ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. அதை வாங்கிக்கொள்ள அவர் இல்லை. அந்த ஆண்டு ஜூலையிலேயே இறந்துவிட்டார்.

கதை தெரியாதவர்களுக்காக நாலு வரி. பத்திரிகை அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவர். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவர் என்றால் உயிர், அவருக்கும் அப்படித்தான். புத்தகம் கேட்டு அவர் வீட்டையே தலைகீழாக்குவார்கள். புத்தாண்டுக்கு வேறு பிள்ளைகளுக்கு டைரி கொடுக்கிறார். சாரங்கன் என்ற பையனுக்குக் கொடுக்கவில்லை. பிறகு சாரங்கன் அவரைத் தன் வீட்டுக்கு அழைக்கிறான். தானே ஒரு டைரியை எடுத்துவந்து நீட்டி, அதில் தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான்.

முதல் வாரம் நான் செய்த தப்பைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாமல் இருக்க. நூலகத்தில் ஒரு கட்டுரையைத் தேடிப் பிடித்து, "குழந்தைகளின் உளவியலை நுட்பமாகச் சித்திரிக்கும் கதை இது" என்பதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அதற்குமேல் பேச்சு நகரவில்லை. ஜன்னல் திண்டில் உட்கார்ந்திருந்த ஐயா, "எந்த வரில இருக்குய்யா?" என்று கேட்டார். என்னால் காட்ட முடியவில்லை. அந்த வருஷம் முழுவதும் அவர் எங்களிடம் அதிகம் கேட்டது அந்த ஒரு கேள்வியைத்தான். "அவர் பாரபட்சம் பார்த்தாரு ஐயா" என்றாலும் அதே கேள்வி. "பாவம், சாரங்கன்" என்றாலும் அதே கேள்வி. திட்டுவதற்காகக் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தோம். வரியைத் தேடித் திரும்பப் படித்தபோது, அந்த மனிதர் வேண்டுமென்று யாரையும் விட்டவர் இல்லை, அவ்வளவு பிரியத்துக்கு நடுவிலும் ஒருவன் விடுபட்டுப் போகிறான் என்பது தெரிந்தது. என் மனப்பாடத்தில் அது இல்லை.

இரண்டாவது வெள்ளிக்கிழமை நடந்ததுதான் உங்களுக்கு முக்கியம். எங்கள் குழுவில் ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஒரு பக்கத்தை நாங்கள் முடிக்கிற நேரத்தில் அவள் பாதியில் இருப்பாள். வாயே திறக்க மாட்டாள். அன்றைக்கு கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு, ஐயாவைப் பார்க்காமல், ஜெராக்ஸைப் பார்த்தே சொன்னாள்:

"டைரிய மட்டும் நீட்டிருக்கலாம்லா ஐயா. என்ன எழுதணும்னும் அவனேதான சொல்லுதான். ‘பிரியமுள்ள’ங்கிற வார்த்தையையும் அவனே சொல்லிக் குடுக்கான். அவரா எழுதுனா அந்த வார்த்தை வராதுன்னு நெனச்சிருப்பானோ?"

நாங்கள் அஞ்சு பேரும் அந்த வரியைப் படித்திருந்தோம். யாருக்கும் அது கண்ணில் படவில்லை. வேகமாகப் படித்தவர்களுக்குக் கதையின் முடிவு கிடைத்தது. அந்த வார்த்தையில் நின்று போனது அவள் மட்டும்தான். கொஞ்ச நேரம் காகிதம் புரளும் சத்தம்தான். பிறகு ஒருவன், "சந்தேகத்துல இல்ல, ஆசைலதான் சொல்லிருப்பான்" என்றான். அங்கே பிடித்த விவாதம் மணி அடித்தும் விடவில்லை. அன்று ஐயா எந்த வரி என்று கேட்கவில்லை. ஆறு பேர் விரலும் அந்த வரியில்தான் இருந்தன.

ஆகவே கருத்தைத் தயார் செய்யாதீர்கள். கருத்து எல்லோரிடமும் இருக்கும், முதலில் பேசுகிறவர் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். உங்களை நிறுத்திய வரி ஒன்றும், உங்களுக்கு உண்மையிலேயே விடை தெரியாத சந்தேகம் ஒன்றும் போதும். வரியைப் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். வாய் வராவிட்டால் அந்த வரியை வாசித்துக் காட்டிவிட்டு, "இது எனக்குப் புரியல" என்று மட்டும் சொல்லுங்கள். அதுவே பங்கெடுப்பதுதான், அரைகுறைப் பங்கு இல்லை. உங்கள் வரியை வேறொருவர் முந்திச் சொல்லிவிட்டால், "நானும் அதையேதான் நினைச்சேன்" என்று உட்கார்ந்துவிடாமல், அதற்கு முந்தின வரியைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே இன்னொன்று இருக்கும்.

சில ஆசிரியர்கள் ஆளுக்கு ஒரு பொறுப்பு கொடுப்பார்கள்: ஒருவர் கேள்வி தயாரிக்க, ஒருவர் நல்ல வரிகளைப் பொறுக்க, ஒருவர் காட்சியை வரைய, ஒருவர் நம் வாழ்க்கையோடு இணைத்துச் சொல்ல. அமெரிக்காவில் சிகாகோ வட்டார ஆசிரியர்களோடு வேலை செய்த ஹார்வி டேனியல்ஸ் 1994இல் எழுதிய புத்தகத்தின் வழியாகப் பரவிய முறை இது. கூச்சக்காரர்களுக்கு ஆரம்பத்தில் நல்ல ஊன்றுகோல். எனக்கு அப்போது இது கிடைத்திருந்தால் முதல் வாரம் அப்படி ஒப்பித்திருக்க மாட்டேன். ஆனால் பொறுப்புத் தாளை வரிசையாக வாசித்துவிட்டுக் கலைவது கலந்துரையாடல் ஆகாது. 2002இல் வந்த இரண்டாம் பதிப்பில் டேனியல்ஸே இதை எச்சரித்தார். பேச்சு சூடுபிடித்துவிட்டால் தாளைத் தயங்காமல் மூடி வையுங்கள்.

படித்து முடிக்காமல் போக நேர்ந்தால், முதலிலேயே எந்தப் பக்கம் வரை வந்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். எங்கள் முதல் வெள்ளிக்கிழமை ஒருவன் டைரி கொடுக்கும் இடம் வரைதான் படித்திருந்தான். "சாரங்கன் இனிமே அவர் வீட்டுப் பக்கமே போக மாட்டான்" என்று அடித்துச் சொன்னான். ஒருவரும் முடிவைச் சொல்லவில்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே மீதியைப் படித்தான். படித்து முடித்து ஜெராக்ஸை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "டைரிய அவனே கொண்டாந்தானால?" என்று என்னிடம் கேட்டான்.