சிறுகதையின் கூறுகள்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில் ஒரு சிறுகதைப் பயிற்சிப் பட்டறையில் கலந்துகொண்டேன். கரு, கதைப்பின்னல், பாத்திரம், களம், முரண், நோக்குநிலை ஆகியவை சிறுகதையின் அடிப்படைக் கூறுகள் என்று கற்பித்தார்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் பூர்விக வீட்டை விற்பதைப் பற்றி, இவை அனைத்தும் அமையுமாறு ஒரு கதை எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். படித்த நண்பர்கள் குறையொன்றும் சொல்லவில்லை. ஆனால் எவர் மனத்திலும் கதை நிற்கவில்லை. இக்கூறுகளுள் எது முதன்மையானது?

ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

பட்டறையில் உங்களுக்குச் சொல்லித்தந்தவற்றில் பிழையில்லை. ஆயினும் அக்கூறுகள், எழுதி முடிந்த கதையைப் பிரித்துப் பார்ப்பவர்கள் கண்டவை. எழுதுகிறவர் முதலில் தீர்மானித்தாக வேண்டியது, இந்தக் கதையை யார் சொல்கிறார், அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதையே. ஆகவே நோக்குநிலையே முதன்மையானது என்பேன். நாவலில் அது சற்றுத் தளர்ந்தாலும் சமாளித்துவிடலாம். சிறுகதையில் அது தளர்ந்தால் மற்றவையும் உடன் தளர்கின்றன.

கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையை இதற்காகவே ஒருமுறை படித்துப் பாருங்கள். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் உரிமையோடு வந்து புத்தகங்களை அள்ளிச் செல்லும் வீட்டில் வாழும் ஒருவர் அக்கதையைத் தன்மையில் சொல்கிறார். புத்தாண்டுக்கு அவர் இரண்டு குழந்தைகளுக்கு டைரி கொடுக்கிறார்; சாரங்கன் என்ற சிறுவனுக்குக் கொடுப்பதில்லை. பிறகு சாரங்கன் அவரை வற்புறுத்தித் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்று உபசரித்து, தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, அதை அவர் தனக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததாக எழுதித் தரச் சொல்கிறான். கதை அங்கே முடிந்துவிடுகிறது.

இக்கதையில் முரண் எங்கே இருக்கிறது? யாரும் யாரோடும் மோதவில்லை. குழந்தைகளை உண்மையாகவே நேசிக்கும் ஒரு நல்ல மனிதரின் பார்வை ஒரு குழந்தையின்மீது மட்டும் தங்காமல் போயிற்று என்பதுதான் அதன் முரண், கரு, பின்னல் எல்லாம். கதைசொல்லி கவனிக்காத காரணத்தால் நாமும் சாரங்கனைக் கவனிக்காமலே பாதிக் கதையைக் கடந்துவிடுகிறோம். டைரி நீட்டப்படும்போது அவருடைய குற்றவுணர்வில் நமக்கும் பங்கு வந்துவிடுகிறது. இதையே சாரங்கனின் பார்வையில் எழுதியிருந்தால் ஒரு சிறுவனின் ஏக்கத்தைச் சொல்லும் உருக்கமான கதை கிடைத்திருக்கும். எல்லாம் அறிந்த ஆசிரியர் கூற்றாக எழுதியிருந்தால், அவன் மனத்தை முன்கூட்டியே விளக்கவேண்டி வந்து, முடிவு வலுவிழந்திருக்கும். தமிழில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது என்று நான் நம்பும் சில முடிவுகளுள் இதுவும் ஒன்று.

தமிழ்ச் சிறுகதையின் தொடக்கத்திலேயே இந்த உணர்வு இருந்திருக்கிறது. 1915-இல் வெளிவந்த வ. வே. சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமர’த்தில் மரமே கதை சொல்கிறது. எல்லாவற்றையும் பார்க்க முடிந்தும் எதையும் தடுக்க முடியாத ஒரு சாட்சி என்பதால்தான், கதைநாயகி ருக்மிணியின் முடிவு அத்தனை துயரம் தருகிறது.

கதையின் ஒருமைப்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842-இல் எழுதிய மதிப்புரை ஒன்றில், ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்க கதை ஒரே விளைவை நோக்கியே செல்லவேண்டும் என்றும், முதல் வாக்கியமே அதற்கு உதவாவிட்டால் எழுதியவர் முதல் அடியிலேயே தோற்றார் என்றும் வாதிட்டார். இதைக் கண்டிப்பான விதியாக நான் ஏற்பதில்லை. அலைந்து திரிந்து வெற்றி பெற்ற கதைகள் உண்டு. ஆனால் முதல் சில கதைகளை எழுதுகிறவருக்கு இது நல்ல உரைகல்.

இனி உங்கள் கதை. அதில் ஆசிரியரின் துக்கம், மகனின் அவசரம், வீடு வாங்குபவரின் கணக்கு ஆகிய மூன்றையும் நீங்கள் சமமாக அறிந்து சமமாகச் சொல்கிறீர்கள். வாசகர் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சவில்லை. களமும் முதல் இரண்டு பத்திகளில் வருணனையாகவே தேங்கிவிட்டது. எனக்கு அக்கதையில் உயிரோடு தெரிந்தவர், இரண்டே வாக்கியங்களில் வந்துபோகும் சர்வேயர். அவர் அந்த ஆசிரியரிடம் படித்தவர் என்று நீங்களே போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். வீட்டை அளக்க வந்த அவருக்குத் தெரிந்தவற்றை மட்டும் வைத்து, அளவெடுக்கும் அந்த ஒரு காலைப்பொழுதுக்குள் கதையைத் திரும்ப எழுதிப் பாருங்கள். மகன் ஏன் அவசரப்படுகிறான் என்பது அவருக்குத் தெரியாது; ஆகவே நீங்களும் சொல்லவேண்டாம். எழுதியதும் அனுப்புங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.