நிற்கிற காரும் குழந்தைகளும்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு மெக்கானிக்கின் பதில்கள்

பள்ளிக்கூடம் லீவு விட்டு, அக்னி நட்சத்திரமும் தொடங்கிவிட்டால் எங்கள் ஒர்க் ஷாப்புக்கு இரண்டு வகைக் கார்கள் கூடுதலாக வரும். ஒன்று, ஏசி குளிரவில்லை என்று வருபவை. இன்னொன்று, பக்க ஜன்னல் கண்ணாடி உடைந்து வருபவை. இந்த இரண்டாவது வகையில் சிலவற்றை உடைத்தது திருடன் இல்லை, உள்ளே மாட்டிக்கொண்ட பிள்ளையை எடுக்க அப்பாவோ அம்மாவோ உடைத்தது. ஓடுகிற காரில் பிள்ளைகள் மேல் நாலு பேர் கண் இருக்கும். வாசலில் சும்மா நிற்கிற காரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை அந்தக் காரைப் பற்றித்தான்.

ஒன்றரை வயதுப் பெண். அழுதால் கார் சாவியைக் கொடுத்தால்தான் அடங்குகிறாள். கொடுக்கலாமா? (வேளச்சேரி வாசகி)

வேண்டாம்மா. முதல் காரணம், சாவிக்குள் இருக்கும் பேட்டரி. பல ரிமோட்டுகளில் இருப்பது சிஆர் 2032 என்ற வட்ட பேட்டரி. 20 மில்லிமீட்டர் அகலம், கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணயம் அளவு. நாணயத்தை விழுங்கினால் வாழைப்பழம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பழைய வைத்தியம் இதற்கு ஆகாது. உணவுக்குழாயில் சிக்கினால், அங்கிருக்கும் ஈரத்தில் மின்சாரம் ஓடி, அரிக்கிற காரம் (ஆல்கலி) உண்டாகி, இரண்டு மணி நேரத்திலேயே சதையை வேகவைத்துவிடும். ரிமோட் வேலை செய்யவில்லை என்று கழற்றி மேசையில் போட்ட 'செத்த' பேட்டரியும் இதைச் செய்யும்.

உங்கள் சாவியைக் கையில் எடுத்து விளிம்பைப் பாருங்கள். ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அதில் நகத்தை விட்டுத் திருகினால் சாவி இரண்டாகப் பிளந்துகொள்ளும். பத்து முறை கீழே விழுந்த சாவிக்கு நகம்கூட வேண்டாம், பால் பல்லே போதும். பேட்டரியை விழுங்கியிருப்பாள் என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையோ, பக்கத்தில் அவசரப் பிரிவும் எக்ஸ்ரேவும் உள்ள எந்த இடமோ. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே நுழையும்போதே "பட்டன் பேட்டரி" என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது காரணம், அவள் மாடியில் அமுக்குகிற பட்டனுக்குக் கீழே கார் பதில் சொல்கிறது. கதவு எதையும் யாரும் திறக்காவிட்டால் கொஞ்ச நேரத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளும் கார்கள் உண்டு. ஆனால் டிக்கி பட்டனால் திறந்த டிக்கி அப்படியே திறந்து கிடக்கும். பழைய சாவியைப் பேட்டரி எடுத்துவிட்டுக் கொடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எது பழசு, எது புதுசு என்று அவளுக்குத் தெரியாதே!

மருந்துக் கடையில் இரண்டு நிமிட வேலை. ஏசியைப் போட்டு, தூங்குகிற குழந்தையைக் காரிலேயே விட்டுப் போகலாமா? (அண்ணா நகர்)

அந்த இரண்டு நிமிடம் இரண்டு நிமிடமாக இருந்து நான் பார்த்ததில்லை. ஜிபே போகாது, சில்லறை இருக்காது, முன்னால் நிற்பவர் மூன்று சீட்டு வைத்திருப்பார். நடுவில் இன்ஜின் நின்றால் ஏசியும் நின்றது. மூடிய காருக்குள் முதல் பத்து நிமிடத்திலேயே சுமார் 10 டிகிரி ஏறும். வெளியே 36 என்றால் உள்ளே 46. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. சின்னப் பிள்ளைகளின் உடம்போ பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும்.

குழந்தை முழித்திருந்தால் வேறு கதை. என் தப்பையே சொல்கிறேன். மகனுக்கு அப்போது நாலு வயது. வண்டியை முதல் கியரில் போட்டு, சாவியை அதிலேயே விட்டுவிட்டு, இளநீர் வாங்க இறங்கினேன். அப்போதிருந்த என் பழைய காரில் கிளட்சை மிதிக்காமலேயே ஸ்டார்ட்டர் சுற்றும். பையன் டிரைவர் சீட்டுக்குத் தாவிச் சாவியைத் திருகிவிட்டான். கியரில் இருந்த கார் தவளை மாதிரி ஒரு குதி குதித்து இளநீர் வண்டிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. கடைக்காரர் அரிவாளும் கையுமாக என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. பட்டன் ஸ்டார்ட் கார் என்றாலும் நிம்மதி வேண்டாம். ஸ்மார்ட் கீ, அதாவது துளையில் போடாமல் காருக்குள் இருந்தாலே போதும் என்கிற சாவி, உங்கள் பையோடு சீட்டில் கிடந்தால், பிரேக்கில் ஏறி நின்று பட்டனை அமுக்குகிற பிள்ளைக்கு ஆட்டோமேட்டிக் கார் ஸ்டார்ட் ஆகும்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டே போங்கள்.

எங்கள் அப்பார்ட்மென்டில் பிள்ளைகள் கட்டடத்துக்குக் கீழே, தூண்களுக்கு நடுவில் கார் நிறுத்தும் ஸ்டில்ட் பார்க்கிங்கில்தான் கண்ணாமூச்சி ஆடுகிறார்கள். ஒருநாள் என் செடான் காரின் (டிக்கி தனிப் பெட்டியாக இருப்பது) டிக்கிக்குள் ஒருவன் ஒளிந்திருந்தான். தானாக மூடிக்கொண்டால் உள்ளிருந்து திறக்க வழி உண்டா? (போரூர்)

நல்ல வேளை, கண்ணில் பட்டான்.

அமெரிக்காவில் 1998 கோடையில் சில வார இடைவெளியில், மூன்று சம்பவங்களில் 11 குழந்தைகள் டிக்கிக்குள் மாட்டி இறந்தார்கள். அதன் பிறகு அங்கே சட்டமே வந்தது. 2001 செப்டம்பருக்குப் பின் தயாரான செடான்களில் டிக்கிக்குள்ளேயே, இருட்டில் மின்னும் ஒரு கைப்பிடி இருந்தாக வேண்டும். நம் ஊர்ச் செடான்கள் பலவற்றில் அது இல்லை. உங்கள் டிக்கியைத் திறந்து, மூடியின் உள்பக்கம் லாக் இருக்கும் இடத்தில் தேடுங்கள். இல்லையென்றால், டிரைவர் சீட் பக்கத்து நெம்பிலிருந்து டிக்கி லாக்குக்குக் கேபிள் போகும் மாடல்களில், உள்ளே ஒரு இழுப்பான் கட்டித் தர முடியும். வாரண்டி இருக்கிற வண்டி என்றால் கம்பெனி சர்வீஸில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பின் சீட் மடங்குகிற காரா? அப்படியானால் வழி இரண்டு பக்கமும் உண்டு. உள்ளே போகவும் அதுதான் வழி, வெளியே வரவும் அதுதான். சீட்டை நிமிர்த்திப் பூட்டி வையுங்கள். டிக்கி தனிப் பெட்டியாக இல்லாத ஹேட்ச்பேக்கில், டிக்கியை மறைக்கும் தட்டான பார்சல் ட்ரேயைத் தள்ளிவிட்டுப் பின் சீட்டுக்கு ஏறி வந்துவிடலாம். அதனால் ஆபத்து அதில் கொஞ்சம் குறைவு.

ஸ்டில்ட் நிழலில்தானே நிற்கிறது என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெட்டிக்குள் காற்று ஓடாது, பிள்ளையின் உடம்புச் சூடே அவனைச் சுற்றி நிற்கும். 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி பக்கத்தில் மூன்று குழந்தைகள், நின்றிருந்த காருக்குள் விளையாடப் போய் வெளியே வர முடியாமல் இறந்தார்கள். அது டிக்கிகூட இல்லை, சாதாரணக் கதவுகள்.

அதனால் அசோசியேஷன் கூட்டத்தில் இரண்டு விஷயம் பேசுங்கள். வீட்டு வாசலில்தானே என்று காரைப் பூட்டாமல் விடக் கூடாது, ஓடாமல் கவர் போட்டுக் கிடக்கும் பழைய கார் உட்பட. அப்புறம், ஒரு பிள்ளையைக் காணோம் என்றால் வாட்ச்மேன் தெருவுக்கு ஓடுவதற்கு முன் சம்ப் (தரையடித் தண்ணீர்த் தொட்டி) மூடியைப் பார்க்க வேண்டும். அடுத்ததாக நிற்கிற கார்கள் ஒவ்வொன்றின் சீட்டும் டிக்கியும்.

பேரனைப் பின் சீட்டில் உட்காரவைத்து, சாவியை அவன் கையில் கொடுத்துக் கதவைச் சாத்தினேன். உள்ளேயிருந்து பூட்டிவிட்டான். தி.நகரில் நடுவெயில். மகன் இன்னொரு சாவியோடு வர நாற்பது நிமிடம் ஆயிற்று. காத்திருந்தது சரியா? (மேற்கு மாம்பலம், தாத்தா)

ஐயா, பேரன் நன்றாக இருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். மனம் லேசானது. ஆனால் நாற்பது நிமிடம் அதிகம். ஒரு மணி நேரத்தில் ஏறக்கூடிய சூட்டில் பெரும்பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிடும்.

இப்படி நடந்தால் முதலில் எல்லாக் கதவையும் டிக்கியையும் இழுத்துப் பாருங்கள். பேச்சுப் புரிகிற வயது என்றால் கண்ணாடி வழியே சிரித்துக்கொண்டே, முன் சீட்டுக்கு வந்து கதவின் உள்கைப்பிடியை இழுக்கச் சொல்லுங்கள். பின் கதவை உள்ளிருந்து திறக்க விடாத சைல்டு லாக் முன் கதவுக்குக் கிடையாது. பல கார்களில் ஒரு இழுப்பு பூட்டை எடுக்கும், இரண்டாவது இழுப்பு கதவைத் திறக்கும். அதே நேரத்தில் இன்னொருவர் 112க்கோ, தீயணைப்புக்கு 101க்கோ போன் செய்யட்டும். பக்கத்தில் சாவிக்காரர் இருந்தால் கூப்பிடலாம்.

கைக்குழந்தை என்றாலோ, வெயிலில் நிற்கிறது என்றாலோ, பிள்ளை முகம் சிவந்து சோர்கிறது என்றாலோ யாருக்கும் காத்திருக்காதீர்கள். உடைத்துவிடுங்கள். முன் கண்ணாடியைத் தொடாதீர்கள், அது நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, விரிசல்தான் விடும். குழந்தையிடமிருந்து தள்ளி இருக்கும் பக்க ஜன்னல் கண்ணாடியின் ஒரு மூலையில், வீல் ஸ்பேனர் முனை மாதிரி கூர்மையான இரும்பால் ஓங்கிப் போடுங்கள். நடுவில் அடித்தால் அது வளைந்து கொடுக்கும். உடைந்தால் கற்கண்டு மாதிரி சிறு துண்டுகளாகக் கொட்டும். எடுத்ததும் நிழலில் வைத்து உடையைத் தளர்த்தி, ஈரத் துணியால் துடைத்து விசிறுங்கள். மயக்கமாக இருந்தால் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள்.

இனிமேல் பேரனை உட்காரவைக்கும்போது சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். கதவைச் சாத்துவதற்கு முன் டிரைவர் பக்கக் கண்ணாடி இறங்கியிருக்கட்டும். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

சைல்டு லாக் போட்ட பிறகு பின் கதவு வெளியிலிருந்தும் திறக்கவில்லை. (அம்பத்தூர்)

அது சைல்டு லாக்கின் வேலை இல்லை. பின் கதவின் விளிம்பில், கதவைத் திறந்தால் மட்டும் தெரிகிற அந்தச் சின்ன நெம்பு உள்கைப்பிடியை மட்டும்தான் செயலிழக்கச் செய்யும். வெளிக்கைப்பிடி எப்போதும் போல் திறக்க வேண்டும். வண்டி ஓடும்போது தானாக விழுந்த சென்ட்ரல் லாக் எடுபடாமல் இருக்கலாம். அன்லாக் செய்தும் திறக்கவில்லை என்றால் கதவுக்குள் இருக்கும் லாக்கோ அதன் கேபிளோ போயிருக்கிறது. உள்ளேயும் வெளியேயும் திறக்காத கதவின் பக்கத்தில் பிள்ளையை உட்காரவைக்காதீர்கள். இந்த வாரமே காட்டுங்கள்.

கால் டாக்சியில் சைல்டு லாக் போடச் சொன்னால், இல்லை என்கிறார் டிரைவர். ஏமாற்றுகிறாரா? (பெரம்பூர்)

பாவம் அவர். பெண் பயணிகளின் பாதுகாப்புக்காக, 2019 ஜூலை முதல் வாடகைக் கார்களில் சைல்டு லாக் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அதனால் டாக்சியில் உங்கள் கைதான் பூட்டு. வலது பக்கம், அதாவது போக்குவரத்துப் பக்கம், பெரியவர் ஒருவர் உட்காருங்கள். இறங்குவது இடது பக்கம் என்றாலும் பிள்ளை கதவைத் தொட வேண்டாம். சென்னையில் பைக்குகள் இடது பக்கச் சந்திலும் வரும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

பின் கண்ணாடியை ஏற்றி இறக்கி விளையாடுகிறான். கை மாட்டினால் தானாக நிற்காதா? (தாம்பரம்)

பல கார்களில் அந்த வசதி டிரைவர் கண்ணாடிக்கு மட்டும்தான். உங்கள் காரில் எப்படி என்று தெரிய ஒரு வெள்ளரிக்காய் போதும். கண்ணாடியின் மேல் விளிம்பில் அதைப் பிடித்து, விரலைத் தள்ளி வைத்துக்கொண்டு ஏற்றிப் பாருங்கள். தொட்டதும் கண்ணாடி இறங்கினால் நல்லது. காய் நசுங்கினால் டிரைவர் கதவில் இருக்கும் விண்டோ லாக் பட்டனை நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். இதே கையோடு ஈசிஆரில் சன் ரூஃப் வழியாகப் பிள்ளைகளை நிற்கவைத்து ஓட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல ஆசை. திட்டாகப் போய்விடும், விடுங்கள்.

மழைக்காலத்தில் சைல்டு லாக்கை எடுத்துவிட வேண்டுமா? (மடிப்பாக்கம்)

வெள்ளத்துக்குப் பயந்து எல்லாரும் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்துகிற நாட்களில், பிள்ளைகளோடு கார் எடுக்காமல் இருந்தால் இந்தக் கேள்வியே இல்லை. எடுத்தே ஆக வேண்டும் என்றால் லாக் இருக்கட்டும். வெள்ளத்தில் உள்ளிருந்து திறக்காத பின் கதவைவிட, ஓடுகிற காரில் கதவைத் திறக்கும் பிள்ளை ஆபத்து. ஆனால் கணேசபுரம், துரைசாமி மாதிரி சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தெரிந்தால் இறங்காமல் திரும்பிவிடுங்கள்.

மாட்டிக்கொண்டால் கதவோடு மல்லுக்கட்ட வேண்டாம். வெளியே தண்ணீர் அமுக்கும்போது கதவு திறக்காது. மின்சாரம் போவதற்கு முன் கண்ணாடிகளை இறக்குங்கள், பெல்ட்டைக் கழற்றுங்கள், பிள்ளைகளை முதலில் ஜன்னல் வழியே வெளியே விடுங்கள். 2019 ஜூலைக்குப் பின் வந்த கார்களில் மின்சாரம் போனாலும் சென்ட்ரல் லாக்கைக் கையால் எடுக்க வழி இருக்க வேண்டும். உங்கள் வண்டியில் அது எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்துவிடுங்கள். சீட்டின் ஹெட்ரெஸ்ட் கம்பியாலேயே கண்ணாடியை உடைத்துவிடலாம் என்று நம்பாமல், கண்ணாடி உடைக்கும் சின்னச் சுத்தியல் ஒன்று வாங்கிக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். ஜி.பி. ரோட்டுக் கார் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும்.

ஹேட்ச்பேக் டிக்கி மூடி தானாகக் கீழே வருகிறது. மகள் பக்கத்திலேயே நிற்பாள். (பல்லாவரம்)

மூடியைத் தாங்கி நிறுத்தும் டிக்கி ஷாக்கர் போய்விட்டது. மூடியைப் பாதி உயரத்துக்கு மேலே தூக்கி விட்டுப் பாருங்கள். நிற்காமல் இறங்கினால் மாற்ற வேண்டியதுதான். கட்டையை முட்டுக் கொடுத்து ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்தக் கட்டை ஒருநாள் நழுவும். புதுப்பேட்டையில் பழசு கிடைக்கிறது என்று இதற்கு மட்டும் போகாதீர்கள். இரண்டு பக்கமும் புதுசாக, ஜோடியாகப் போடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மூடி கோணிக்கொள்ளும்.