விலங்குகள் காப்பகத்தால் ஊரில் உள்ள மனிதர்களுக்கு என்ன பயன்?

"ஊரில் இத்தனை பேர் கஷ்டப்படும்போது நாய்க்கும் பூனைக்கும் காப்பகம் எதற்கு? அதனால் மனிதர்களுக்கு ஏதாவது நன்மை உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கடலூர்க்காரி. அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தில் பல வருடங்கள் ஊசி அறையில்தான் போயின. இப்போது வாரத்தில் இரண்டு நாள், ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு சின்னக் காப்பகத்துக்குப் போய் வருகிறேன். கடிபட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், கடித்ததையும் பார்த்திருக்கிறேன். அதனால் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

ஊசி அறையில் காலை ஒன்பது மணிக்கெல்லாம் வரிசை நின்றுவிடும். அதில் நாய்க்கடிக்கு வருகிறவர்கள் யார் என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். விடியற்காலையில் பேப்பர் போடும் பையன், முதுநகரிலிருந்து மீன் கூடை தூக்கி வரும் அம்மா, இரவு ஷிப்ட் முடித்து சைக்கிளில் வீடு திரும்பும் சிப்காட் தொழிலாளி, டியூஷனுக்கு நடந்து போகும் பிள்ளை. காரில் போகிறவர்களை நாய் கடிப்பதில்லை. முதல் நாள், அப்புறம் 3, 7, 28-ஆம் நாள் என்று இரண்டு கையிலும் தோலுக்குள் ஊசி. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்தான். ஆனால் நான்கு தடவையும் பஸ் செலவு உண்டு, அன்றைய கூலி போகும். "சிஸ்டர், நாளைக்கு வந்து போட்டுக்கட்டுமா, இன்னிக்கு லீவு போட்டா முதலாளி திட்டுவாரு" என்று கெஞ்சுகிறவர்களை உட்கார வைத்து ஊசி போட்டு அனுப்புவதே பெரிய வேலை.

ஒருவரை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. நாற்பது வயது இருக்கும், கொத்தனார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் டம்ளரைப் பார்த்ததுமே தொண்டை இறுகி உடம்பு தூக்கிப் போட்டது. மின்விசிறிக் காற்று மேலே பட்டாலும் அப்படித்தான். இரண்டு மாதத்துக்கு முன் வேலை செய்த இடத்தில் ஒரு குட்டி நாய், பிஸ்கட் வைக்கும்போது லேசாகப் பல் பட்டதாம். காயத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறார். "குட்டிதானே சிஸ்டர், அதுக்கு என்ன தெரியும்" என்று அவர் மனைவி என்னிடமே திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசி வரைக்கும் அவருக்கு நினைவு தெளிவாக இருந்தது. பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தெரிந்த பிறகு மருத்துவத்தால் செய்வதற்கு அநேகமாக ஒன்றுமே இல்லை. வெளிச்சமும் சத்தமும் இல்லாத அறையில் வைத்துத் தூக்கத்துக்கு மருந்து கொடுப்போம், அவ்வளவுதான்.

அன்றைக்கு எனக்குத் தோன்றியது இதுதான்: அந்தக் குட்டிக்கும் அதன் தாய்க்கும் யாராவது ஊசி போட்டிருந்தால், இவர் அடுத்த வாரம் சாரத்தில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருப்பார். மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய் மூலமாகத்தான் வருகிறது. ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால், நோய் ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குத் தாவ வழியில்லாமல் சங்கிலி அறுந்துவிடும். அதாவது மனிதனுக்கு நான்கு தடவை போடும் ஊசியை, முன்கூட்டியே நாய்க்கு வருடம் ஒரு தடவை போட்டால் போதும். ஆனால் தெருநாய்க்கு யார் போடுவது? அதைப் பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும், வைத்துப் பார்த்துக்கொள்ள இடம் வேண்டும். எங்கள் காப்பகத்துக்கு நான் போக ஆரம்பித்தது நாய்ப் பாசத்தால் இல்லை, இந்தக் கணக்கால்தான். பாசம் பிறகு வந்தது.

தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் பொறுப்பைச் சட்டம் உள்ளாட்சி அமைப்புகளுக்குக் கொடுத்திருக்கிறது. 2001-இல் வந்த விதிகளும் அவற்றுக்குப் பதிலாக 2023-இல் வந்த புதிய விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. எங்களைப் போன்ற காப்பகங்கள் செய்வதும் இதே வேலைதான்: பிடி, அறுவை சிகிச்சை செய், ரேபிஸ் ஊசி போடு, காதில் அடையாள வெட்டு வை, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடு. "பிடித்த இடத்திலேயே" என்பதுதான் மக்களுக்குக் கோபம் வரும் இடம். "பிடிச்சிட்டுப் போனீங்கல்ல, திரும்ப ஏன் கொண்டாந்து விடறீங்க?" என்று எங்கள் வண்டியை மறித்தவர்கள் உண்டு.

அவர்கள் கோபம் நியாயமானதுதான், ஆனால் நடப்பது வேறு. நாய் ஒரு தெருவில் இருப்பதற்குக் காரணம் அங்கே கிடைக்கும் சாப்பாடு. கறிக்கடைக் கழிவு, கல்யாண மண்டபத்து இலை, மூடாத குப்பைத் தொட்டி. ஆறு நாயை அப்புறப்படுத்தினால் அந்தச் சாப்பாடு காலியாகக் கிடக்கும். பக்கத்துத் தெருவிலிருந்து புதிய நாய்கள் வரும். வருகிறவை ஊசி போடாதவை, நம் முகம் பழகாதவை. எல்லைச் சண்டையும் குட்டிகளும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நாய்க்கு சினைக்காலம் இரண்டு மாதம்தான். சென்னையில் நாய்களைக் கொன்று குறைக்கப் பல பத்தாண்டுகள் முயன்றார்கள், குறையவில்லை. 1996 வாக்கில்தான் மாநகராட்சி கருத்தடை வழிக்கு வந்தது. அங்கே புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964-லிருந்தே அதைச் சொல்லி, செய்தும் வந்தது. காது வெட்டிய நாய் தெருவில் படுத்திருக்கிறது என்றால், அது அந்தத் தெருவுக்கு ஒரு காவல்.

"அப்படியானால் எல்லாவற்றையும் காப்பகத்திலேயே அடைத்து வைத்தால் என்ன?" என்று அடுத்த கேள்வி வரும். 2025 ஆகஸ்டில் டெல்லிப் பகுதி நாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் முதலில் அப்படித்தான் சொன்னது. பத்துப் பன்னிரண்டு நாளில் அதை மாற்றி, ரேபிஸ் உள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடையும் ஊசியும் முடித்து அதே இடத்தில் விடச் சொன்னது. உள்ளே இருந்து பார்க்கிறவளாகச் சொல்கிறேன், ஒரு நகரத்தின் நாய்களை அடைக்க எந்தக் காப்பகத்தாலும் ஆகாது. எங்களிடம் நூறு நாய்க்குக் குறைவுதான். அதற்கே காலையில் இரண்டு அண்டா சோறு பொங்க வேண்டும். அரிசி, மஞ்சள்தூள், கறிக்கடைகளில் கேட்டு வாங்கி வரும் கோழித்தலையும் காலும். எலும்பு நன்றாக வேகாவிட்டால் தொண்டையில் சிக்கும் என்று பக்கத்திலேயே ஒருவர் நிற்க வேண்டும்.

கூட்டமாக அடைப்பதில் இருக்கும் பெரிய ஆபத்து நோய். பார்வோ என்று குட்டிகளுக்கு வரும் ஒரு வைரஸ் நோய் உண்டு. இரத்தமாக வயிற்றால் போகும், இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். அந்தக் கிருமி மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். தாயோடு நன்றாக இருக்கும் குட்டிகளை, "பாவம், மழையில நனையுது" என்று அட்டைப்பெட்டியில் போட்டுக் காப்பக வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். நல்ல மனசோடு செய்வதுதான். ஆனால் அப்படி வந்த ஐந்து குட்டிகளில் ஒன்றுகூடப் பிழைக்காத வாரங்களைப் பார்த்துவிட்டேன். தாய் பக்கத்தில் இருந்தால் தயவுசெய்து குட்டிகளைத் தொடாதீர்கள். ஒரு சாக்கை விரித்து, மேலே ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்தால் போதும். காப்பகத்துக்கு வர வேண்டியவை வேறு: வண்டியில் அடிபட்டது, புழு வைத்த காயம், சொறி பிடித்து முடி கொட்டியது. கடலூர் – புதுச்சேரி சாலையில் அடிபட்டு வருபவை மட்டுமே எங்கள் கூண்டுகளை நிரப்பப் போதும்.

வெளியே தெரியாத இன்னொரு வேலை, பஞ்சாயத்து. தெருநாய்ச் சண்டை என்றால் பாதி நேரம் அது மனிதர்கள் சண்டை. ஒரு வீட்டில் சோறு வைப்பார்கள், எதிர்வீட்டு வாசலில் நாய் அசிங்கம் பண்ணும். திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு தெருவில் போலீஸ் வரை போய்விட்டது. எங்கள் காப்பகத்தை நடத்துகிற அண்ணன் இரண்டு வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசினார். சோறு இனி தெருக்கோடி மின்கம்பத்தடியில், ராத்திரி ஒன்பதரைக்கு மேல், வைத்த அம்மாவே இலையை எடுத்துவிட வேண்டும். எதிர்வீட்டுக்காரர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: ஊசி போட்டதற்குத் தேதியோடு சீட்டு வேண்டும். கொடுத்தோம். இப்போது அந்தச் சீட்டு அவர் வீட்டுக் காலண்டருக்குப் பின்னால் இருக்கிறது. நாய் ஏதாவது சுணங்கிப் படுத்தால் எங்களுக்கு முதலில் போன் செய்கிறவர் அவர்தான். சோறு வைக்கிறவர்களுக்கும் சொல்கிறேன், ஊசி போடாமல் சோறு மட்டும் வைப்பது அரைகுறைக் கருணை.

பள்ளிக்கூடங்களுக்கும் போவோம். அது என் பங்கு. நாய் துரத்தினால் ஓடாதே, கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நில், கண்ணைப் பார்க்காதே. சாப்பிடும் நாயிடமும் குட்டி போட்ட நாயிடமும் போகாதே. கடித்தால், கீறினால்கூட, குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவு. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காபித்தூள் எதுவும் வேண்டாம். அம்மா அடிப்பார்களோ என்று மறைக்காதே. இந்தக் கடைசி வாக்கியத்தை நான் மூன்று தடவை சொல்வேன். கடியை வீட்டில் மறைத்து, நாள் கடந்து வந்த பிள்ளைகளுக்கு நான் ஊசி போட்டிருக்கிறேன். ஒருமுறை செம்மண்டலம் பக்கத்தில் ஒரு பள்ளியில் பேசி முடித்ததும் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்து பாவாடையைத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினாள். கடித்து இரண்டு நாளாகியிருந்தது. அன்றைக்கே ஊசி போட்டாகிவிட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் இன்னும் தாத்தா பாட்டி வாயில் இருக்கிறது. அந்தப் பழைய மருந்து 2004-ஓடு நம் நாட்டில் நின்றுவிட்டது என்பதையும் ஒவ்வொரு இடத்திலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

புயல் வந்தால் எங்கள் மாவட்டத்துக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல், 2015 மழை, 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கரையேறிய பெஞ்சல் புயல். பெஞ்சலில் காற்றைவிடத் தண்ணீர்தான் வதைத்தது. சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை கரை புரண்டபோது, ஆற்றோரத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். மாடும் ஆடும் கட்டுத்தறியிலேயே நின்றன. கட்டிய மாடு நீந்த முடியாது. எங்கள் பையன்கள் டிராக்டரில் போய் முதலில் செய்தது கயிற்றை அறுத்ததுதான். இரண்டு கறவை மாடு வைத்திருக்கிற குடும்பத்துக்கு ஒரு மாடு போனால் பாதி வருமானம் போயிற்று. தண்ணீர் வடிந்த பிறகு செத்த ஆடுகளையும் நாய்களையும் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். அதைச் செய்யாமல் விட்டால் அடுத்து வருவது காய்ச்சல். ஆடு, மாடு வைத்திருப்பவர்கள் 1962 என்ற எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

குறைகள் இல்லையா? இருக்கின்றன. காப்பகத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு நாற்றமும் ராத்திரிக் குரைப்பும் பெரிய தொந்தரவு, அதை நாங்கள் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பண வரவு சரியில்லாத மாதங்களில் கருத்தடை நின்றுவிடும், அந்த இடைவெளியில் செய்த வேலையில் பாதி வீணாகும். எனக்கு மிகவும் வலிப்பது வேறு. ஆசைக்கு வாங்கிய ஜாதி நாயை, தோல்நோய் வந்ததும், வாடகை வீடு மாறியதும், ராத்திரியோடு ராத்திரியாக எங்கள் கேட்டில் கட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரு லாப்ரடார் பன்னிரண்டு நாள் கேட்டையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. கையில் ஊட்டினால் மட்டும் இரண்டு வாய் தின்னும். அதற்கு வேறு வீடு கிடைத்துவிட்டது. கிடைக்காதவை நிறைய.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாய்க்குப் போகும் காசு மனிதனிடமிருந்து பறித்த காசு என்ற எண்ணம் எனக்கும் முன்பு இருந்தது. ஊசி அறையில் ஒரு கடிக்கு நான்கு தடவை மருந்து, ஆழமான கடி என்றால் காயத்துக்குள்ளேயே போடும் விலை கூடிய மருந்து, செவிலியர் நேரம், கடிபட்டவரின் கூலி, இத்தனையும் சேர்த்துப் பாருங்கள். அந்த வரிசையைக் குறைக்கும் வேலை காப்பகத்து அறுவை மேசையில்தான் நடக்கிறது. ஊசி அறையிலிருந்து வந்தவள் என்பதால் எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

உங்களால் முடிந்தால் இந்த வாரம் உங்கள் தெருவில் உள்ள நாய்களின் காதைப் பாருங்கள். வெட்டு இல்லாதவை எத்தனை என்று எண்ணி, உங்கள் ஊர் நகராட்சியிலோ காப்பகத்திலோ எழுதிக் கொடுங்கள். எண்ணிக்கையோடு கொடுத்தால் வண்டி வருகிறது. எங்கள் தெருவில் பதினொன்று. ஒன்பதுக்கு முடிந்துவிட்டது. மீதி இரண்டில் ஒன்று குட்டி போட்டிருக்கிறது, குட்டிகள் பால் மறக்கட்டும் என்று காத்திருக்கிறோம். இன்னொன்று வலையைக் கண்டாலே கெடில ஆற்றங்கரை வரைக்கும் ஓடிவிடுகிறது. தினமும் ராத்திரி அதற்கு என் கையால்தான் சோறு வைக்கிறேன், பக்கத்தில் வரப் பழகட்டும் என்று.