வெனிஸில் எத்தனை பாலம்?

கேள்வி: அக்டோபர் கடைசி வாரம் அம்மாவை வெனிஸ் அழைத்துச் செல்கிறேன். இரண்டு இரவு தங்குகிறோம். அவருக்கு 68 வயது, மூட்டு வலி. சமதளத்தில் மெதுவாக நடப்பார், படிதான் சிரமம். இருவரும் சைவம், முட்டையும் சாப்பிட மாட்டோம். 'சான் மார்க்கோ சதுக்கத்திலிருந்து 400 மீட்டர்' என்று ஒரு விடுதி விளம்பரம் செய்கிறது. பதிவு செய்யலாமா?

பதில்: அந்த 400 மீட்டரை நம்பி உடனே பணம் கட்டிவிடாதீர்கள். வெனிஸில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் இருக்கின்றன. கீழே படகு போகவேண்டும் என்பதால் அநேகமாக எல்லாமே நடுவில் வளைந்து உயர்ந்தவை. ஏறவும் படி, இறங்கவும் படி. நானூறு மீட்டருக்குள் மூன்று பாலம் வந்தால் அம்மாவின் முழங்கால் அன்றைக்கு அவ்வளவுதான். இருபது கிலோ பெட்டியுடன் ஐந்து பாலம் ஏறி இறங்கியவன் சொல்கிறேன்.

ஆகவே விடுதிக்கு இரண்டே கேள்விகளை எழுதி அனுப்புங்கள். பக்கத்துப் படகுத்துறையிலிருந்து உங்கள் வாசல் வரை எத்தனை பாலம்? லிப்ட் இருக்கிறதா? முதல் கேள்விக்குப் பூஜ்யம் என்று பதில் வந்தால், சதுக்கத்துக்குத் தொலைவாக இருந்தாலும் அந்த இடமே நல்லது. லிப்டை அவசியம் கேளுங்கள். பழைய வீடுகளை விடுதியாக்கியிருப்பதால் பல இடங்களில் கிடையாது. மெஸ்த்ரேயில் அறை மலிவுதான். ஆனால் அது கடலுக்கு இக்கரையில், பெருநிலத்தில் இருக்கும் ஊர். மதியம் அம்மா ஒரு மணிநேரம் படுத்து எழ வேண்டுமென்றால் ரயிலேறித் திரும்ப வேண்டியிருக்கும். தீவு நகரிலேயே தங்குங்கள்.

வப்பொரெத்தோ என்ற நீர்ப்பேருந்துதான் உங்களுக்குக் கால். 75 நிமிட டிக்கெட்டே 9.50 யூரோ, 48 மணிநேர டிக்கெட் 35 யூரோ. நான்கு முறை ஏறினாலே இரண்டாவதுதான் லாபம். ஏறும் முன் துறையிலுள்ள கருவியில் டிக்கெட்டைக் காட்டிப் பதிவு செய்ய மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அபராதம். பெருங்கால்வாயின் எல்லாத் துறைகளிலும் நின்று போவது 1ஆம் எண் படகு. அது பேருந்துகள் வந்து நிற்கும் பியாத்ஸாலே ரோமாவில் புறப்படுகிறது. ரயில் நிலையம் அடுத்த நிறுத்தம், அங்கே ஏறினால் பெரும்பாலும் நிற்கத்தான் இடம். ஒரு மாலை பியாத்ஸாலே ரோமாவிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு சான் மார்க்கோ வரை போங்கள். முக்கால் மணிநேரம், இருபுறமும் மாளிகைகள். அரை மணிநேரத்துக்கு 90 யூரோ வாங்கும் கொண்டோலாவைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். கொண்டோலாவில் இறங்கி ஏறுவதும் மூட்டு வலிக்காரர்களுக்கு எளிதல்ல.

சான் மார்க்கோ தேவாலயத்துக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், புடவைக்குக் கவலையில்லை. மேல்மாடத்துக்குப் போகும் படிகள் செங்குத்தானவை, விட்டுவிடுங்கள். நகரை மேலிருந்து பார்க்க, சதுக்கத்துக்குப் பக்கத்துச் சான் ஸக்காரியா துறையிலிருந்து 2ஆம் எண் படகில் எதிரேயுள்ள சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே தீவுக்குப் போங்கள். துறையில் இறங்கினால் எதிரிலேயே தேவாலயம். அதன் மணிக்கோபுரத்தில் லிப்ட் உண்டு. சதுக்கத்திலுள்ள பெரிய கோபுரத்திலும் லிப்ட் இருக்கிறது, ஆனால் வரிசை நீளம். தவிர, 1902இல் இடிந்து விழுந்து 1912இல் திரும்பக் கட்டி முடித்த அந்தக் கோபுரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் எதிர்க்கரையில்தானே நிற்க வேண்டும்!

அக்டோபர் கடைசி என்பதால் 'அக்வா ஆல்தா' என்னும் உயர் ஓதம் வரக்கூடும். 2020 முதல் 'மோசே' என்னும் கடல் தடுப்புக் கதவுகள் பெரிய வெள்ளத்தைத் தடுத்துவிடுகின்றன. சதுக்கம் நகரிலேயே தாழ்வான பகுதி. கதவை உயர்த்தத் தேவையில்லாத ஓதத்திலும் அங்கே தண்ணீர் தேங்கும். கடல் ஓதம்தானே, சில மணிநேரத்தில் வடிந்துவிடும். அதுவரை ஒரு காபி குடியுங்கள். சதுக்கத்துக் கடைகளில் மட்டும் வேண்டாம், அங்கே வாத்தியம் வாசிப்பதற்கும் தனியாகக் காசு.

சாப்பாட்டில்தான் ஏமாறுவோம். வெண்ணெய் போல வெள்ளையாக ரொட்டியில் தடவித் தருவது 'பக்கலா மந்தெகாத்தோ', அதாவது கருவாட்டை மசித்தது. 'பீகொலி இன் சால்ஸா' பார்ப்பதற்கு வெங்காயம் வதக்கிய நூடுல்ஸ்தான். அதில் நெத்திலி கரைந்திருக்கும். தாலியத்தெல்லே என்ற பட்டை நூடுல்ஸிலும் திராமிசு என்ற இனிப்பிலும் முட்டை. பார்மிஜானோ சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறையவைக்கிறார்கள். அதுவும் ஆகாது என்றால் தூவ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். 'சென்ஸா கார்னே, சென்ஸா பெஷ்ஷே, சென்ஸா உவோவா' என்றால் இறைச்சி, மீன், முட்டை இல்லாமல். பெயரைக் கேட்டால் கடல் வாசம் அடிக்கும் 'பிட்ஸா மரினாரா'வைத் தயங்காமல் கேளுங்கள்: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய். சீஸ்கூடக் கிடையாது.