சூரியப்புயல் தடுப்புப் பெட்டி: ஒரு மருத்துவமனை வாங்கலாமா?

கேள்வி: திருநெல்வேலி அருகே உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் மின் பராமரிப்பைக் கவனிக்கிறேன். எண்பது படுக்கைகள் உண்டு. சூரியப்புயலோ மின்காந்தத் துடிப்போ தாக்கினால் வென்டிலேட்டர், ஸ்கேன் எல்லாம் ஒரே நொடியில் கருகிவிடும் என்று சொல்லி, மெயின் போர்டில் பொருத்தும் பாதுகாப்புப் பெட்டி ஒன்றை விற்க ஒருவர் வந்திருக்கிறார். விலை பல லட்சம். நிர்வாகம் என் கருத்தைக் கேட்கிறது. என்ன சொல்லட்டும்?

பதில்: வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பணத்துக்கு உங்கள் மருத்துவமனையில் வேறு அவசர வேலை இருக்கிறது.

விற்பனையாளர் இரண்டு வேறுபட்ட ஆபத்துகளை ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார். முதலில் சூரியப்புயல். சூரியனிலிருந்து சீறி வரும் காந்தமேகம் பூமியின் காந்தப்புலத்தை அசைக்கிறது. அந்த அசைவு நிமிடக் கணக்கில் நடக்கும். கடும் புயலிலும் நிலத்தில் கிலோமீட்டருக்குச் சில வோல்ட் அளவில்தான் மின்னழுத்தம் எழும். உங்கள் கட்டடத்துக்குள் ஓடும் நூறு மீட்டர் கம்பியில் அது ஒரு வோல்ட்டைக்கூட எட்டாது. வென்டிலேட்டர் அதனால் கருகாது.

நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் உயர் அழுத்தத் தடங்களின் கதை வேறு. அங்கே வோல்ட் சேர்ந்துகொண்டே போகிறது. நேர்மின்னோட்டம் போன்ற ஒன்று, டிரான்ஸ்பார்மரின் எர்த் செய்யப்பட்ட நியூட்ரல் வழியாக உள்ளே நுழைகிறது. மாறுமின்னோட்டத்துக்காகச் செய்யப்பட்ட இரும்பு உள்ளகம் அதைத் தாங்காமல் காந்தப் பூரிதம் அடைகிறது, அதாவது இதற்கு மேல் காந்தம் ஏற்க முடியாத நிலை; சூடேறுகிறது, அலைவடிவம் சிதைகிறது, பாதுகாப்பு ரிலேக்கள் குழம்பித் தடங்களைத் துண்டிக்கின்றன. 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடந்தது இதுதான். ஏறத்தாழ 90 நொடிகளில் மின்தொகுப்பு (கிரிட்) முழுவதும் சரிந்தது. அறுபது லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருளில் இருந்தார்கள். வீட்டு மின்சாதனங்கள் கூட்டமாக எரிந்துபோனதாக வரலாறு இல்லை, நின்றுபோனது மின்சாரம்.

கியூபெக் பூமியின் காந்த வடதுருவத்துக்கு நம்மைவிட மிக அருகே இருக்கிறது, அடியில் மின்சாரத்தை எளிதில் கடத்தாத பழம்பாறை. நமக்கு அவ்வளவு ஆபத்து இல்லை என்பது உண்மை. ஆனால் அறவே இல்லை என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். 1859 செப்டம்பரில் வீசிய பெரும்புயலின்போது பம்பாய் கொலாபா ஆய்வகத்தில் காந்தப்புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) சரிந்தது பதிவாகியிருக்கிறது. உங்கள் ஊர்ப்பக்கமே காந்த நடுக்கோட்டை, அதாவது பூமியின் காந்தப்புலத்துக்கான நிலநடுக்கோட்டை, ஒட்டியது. பகலில் வளிமண்டலத்தின் மேலே அந்தக் கோட்டை ஒட்டி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. அதை ஆராயத்தான் கிருஷ்ணாபுரத்தில் இந்திய புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இயங்குகிறது. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: 2012 ஜூலையில் வட இந்தியா இருண்டபோது தென்மாநிலங்கள் தப்பின, காரணம் நம் தொகுப்பு அப்போது தனியாக ஓடியது. 2013 டிசம்பர் 31 முதல் நாடு முழுவதும் ஒரே தொகுப்பு. வடக்கே விழும் அடி இங்கும் எட்டலாம்.

அடுத்தது மின்காந்தத் துடிப்பு. வளிமண்டலத்துக்கு மேலே அணுகுண்டு வெடித்தால் உண்டாவது. 1962 ஜூலை 9 அன்று பசிபிக் கடலுக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா நடத்திய சோதனையில், 1,400 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்தன. இதன் முதல் துடிப்பு நானோநொடிகளில் எழுகிறது, மின்னலைவிடப் பல மடங்கு வேகம். இது உண்மையிலேயே மின்னணுக் கருவிகளைக் கெடுக்கும். ஆனால் மெயின் போர்டில் ஒரு பெட்டி வைத்து இதைத் தடுக்க முடியாது. நெட்வொர்க் கேபிள், சிசிடிவி வயர், மாடியிலிருந்து இறங்கும் சோலார் கம்பி எல்லாமே அந்தத் துடிப்புக்கு ஆன்டெனா. முறையான காப்பு என்றால் அறை முழுவதும் உலோகக் கூண்டு, உள்ளே வரும் ஒவ்வொரு கம்பிக்கும் ஃபில்டர். ராணுவத் தளங்களும் மின்தொகுப்புக் கட்டுப்பாட்டு மையங்களும் சிந்திக்க வேண்டிய செலவு அது. சந்தேகம் இருந்தால் விற்பனையாளரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஐ.இ.சி. 61000 என்ற சர்வதேச மின்தர வரிசையில் எந்தத் தரத்தின்படி, எந்தச் சோதனைக்கூடத்தில் சோதித்த சான்று இருக்கிறது? மின்னலுக்கான சர்ஜ் தடுப்பான் உங்களிடம் இல்லையென்றால் அதை உடனே பொருத்துங்கள், ஆனால் மின்னலுக்காக.

ஆக, உங்கள் கவலை நீண்ட மின்வெட்டைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். ஜெனரேட்டர் மணிக்கு எத்தனை லிட்டர் குடிக்கிறது என்பதை உண்மையான சுமையில் ஓட்டி அளந்து பாருங்கள். கையேட்டில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். மூன்று நாளுக்கான டீசலை, பெட்ரோலிய விதிகளின் வரம்புக்குள், வளாகத்திலேயே வையுங்கள். ஊரே இருளில் இருக்கும்போது பங்க்கின் பம்பும் ஓடாது. மாதம் ஒருமுறை சும்மா ஸ்டார்ட் செய்து அணைப்பது சோதனை ஆகாது. ஐசியு, அறுவை அரங்கு, ஆக்சிஜன், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றின் சுமையை ஏற்றி ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும்.

பல மருத்துவமனைகள் ஏமாறும் இடம் மாடி சோலார். சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், மின்வாரியத்தின் சப்ளை நின்றதும் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவர்களின் உயிரைக் காக்கவே அப்படி அமைத்திருக்கிறார்கள். நல்ல வெயிலில்கூட உங்களுக்கு ஒரு யூனிட் கிடைக்காது. பேட்டரியுடன் ஹைப்ரிட் இன்வெர்ட்டருக்கு மாற என்ன ஆகும் என்று விலை கேளுங்கள். பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் இதில் போடுவேன்.

எச்சரிக்கை கிடைக்குமா? கிடைக்கும். காந்தமேகம் பூமியை எட்ட, மிக வேகமானதற்கே சுமார் பதினைந்து மணி நேரம் ஆகும். பெரும்பாலும் இரண்டு, மூன்று நாள். பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் ஆதித்யா-எல்1 போன்ற விண்கலங்களை அது கடந்த பிறகு, நமக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளான அவகாசமே இருக்கும். புயலின் கடுமையை ஜி1 முதல் ஜி5 வரை தரம் பிரிக்கிறார்கள். 2024 மே மாதம் வந்தது உச்சமான ஜி5. அமெரிக்காவில் ஜிபிஎஸ் பிழையால் விதைப்பு டிராக்டர்கள் நின்றன. அத்தகைய அறிவிப்பைச் செய்தியில் கண்டால் டீசல் டேங்கை நிரப்புங்கள், யுபிஎஸ் பேட்டரிகளைச் சரிபாருங்கள், ஆக்சிஜன் சிலிண்டர் இருப்பை எண்ணுங்கள். இயந்திரங்களின் பிளக்கைப் பிடுங்க வேண்டியதில்லை.