காரிடார் மல்லிகைக்கு வெயில் எங்கே போச்சு?

அக்கா, செங்காங்கில் ஒன்பதாவது மாடி. ஏப்ரலில் குண்டுமல்லிச் செடி வாங்கினேன். ஆகஸ்ட் வரை பூத்துக் குலுங்கியது. தீபாவளிக்கு ஒரு மொட்டுகூட இல்லை, இலை மட்டும் பச்சைப் பசேலென்று இருக்கிறது. என்ன உரம் போடலாம்?

உரத்தை அப்படியே வைங்க தம்பி. உங்கள் காரிடார் வடக்குப் பார்த்ததுதானே? நம் சிங்கப்பூர் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை சொச்சம் வடக்கே. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகப் போகும். அப்போது காலையிலும் மாலையிலும் வெயில் சரிந்து உங்கள் வாசலுக்கு வரும். செப்டம்பர் தாண்டினால் தெற்கே போய்விடும், வாசலில் வெளிச்சம் இருக்கும், வெயில் இருக்காது. மல்லிகைக்கு ஐந்தாறு மணி நேர நேர் வெயில் வேண்டும். வெயில் இல்லாத செடிக்குத் தழைச்சத்தைக் கொட்டினால் இன்னும் இலைதான் வரும்.

வீடு மாறிய புதிதில் நான் சாக்குக்கட்டியால் காரிடார் தரையில் வெயிலின் ஓரத்தைக் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதி வைத்தேன். மாதம் ஒரு கோடு. பக்கத்து வீட்டு ஆன்ட்டி அதை நாலு நம்பர் லாட்டரிக் கணக்கு என்று நினைத்து, எந்த நம்பர் என்று ரகசியமாகக் கேட்டார்! டிசம்பரில் கோடு போடவே இடமில்லை, வெயில் கைப்பிடிச் சுவருக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. அக்டோபரில் தொட்டியைத் தெற்குப் பக்க ஜன்னலுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் அது ஓய்வெடுக்கட்டும். பிப்ரவரி கடைசியில் கிளைகளைப் பாதியாக வெட்டி, இலையையும் உருவிவிடுங்கள். மல்லிகை புதுத் துளிரின் நுனியில்தான் பூக்கும், பழைய கிளையை வைத்துக்கொண்டு கெஞ்சிப் பயனில்லை.

எனக்கு மொட்டு வருகிறது அக்கா. ஆனால் விரியாமல் ஊதா நிறமாகி உதிர்கிறது. (பிடோக்)

மொட்டுப்புழு. ஒரு மொட்டை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பொடிப் புழு நெளியும், அல்லது அது குடைந்த துளையாவது இருக்கும். கெட்ட மொட்டுகளைப் பறித்துப் பையில் கட்டி எறியுங்கள், தொட்டியிலேயே உதிர விடாதீர்கள். பிறகு வாரம் ஒரு முறை, வெயில் சாய்ந்தபின், தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெயும் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து தெளியுங்கள். இலைக்கு அடியில் நூலாம்படை மாதிரி இருந்தால் அது வேறு கதை, சிலந்திப்பேன். மழைச்சாரல் படாத காரிடார் செடிக்குத்தான் அது அதிகம் வரும். இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே பாதி போய்விடும்.

சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய சாமந்தி, பூ முடிந்தபின் இலை மட்டும் விடுகிறது. வாசல் விளக்கடியில் நன்றாகத்தான் இருக்கிறது. (உட்லண்ட்ஸ்)

அந்த விளக்குதான் வினை. சாமந்திக்கு நீண்ட இருட்டு வேண்டும், அப்போதுதான் மொட்டு கட்டும். காரிடார் விளக்கு விடிய விடிய எரிந்தால், ராத்திரியே வரவில்லை என்று அது நினைத்துக்கொள்கிறது. மாலை ஏழு முதல் காலை ஏழு வரை அட்டைப்பெட்டியால் மூடுங்கள், மொட்டு தெரியும்வரை தினமும். நம் ஊர்ச் சூட்டில் மறுபடி பூப்பது சிரமம், பூத்தாலும் கடையில் இருந்த மாதிரி இருக்காது. நானாக இருந்தால் அடுத்த வருடம் புதிதாக வாங்கிவிடுவேன்.

காகிதப்பூ? மேம்பாலத்தில் எல்லாம் கொட்டிக்கிடக்கிறது, என் வீட்டில் இல்லை.

தண்ணீரைக் குறையுங்கள். இலை லேசாகத் துவளும்வரை காத்திருந்து ஊற்றுங்கள். வெயில் இல்லாத வாசலென்றால் காகிதப்பூவே வேண்டாம்.

தொட்டித் தட்டில் கொசு முட்டை இருக்கிறது என்று அதிகாரி வந்து சொல்லிவிட்டுப் போனார். தட்டே வைக்கக் கூடாதா அம்மா? (ஈசூன்)

தட்டில்லாவிட்டால் கீழ்வீட்டுக்காரர் மூங்கிலில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையில் சொட்டும், அந்தச் சண்டையும் நான் பட்டிருக்கிறேன். தட்டு வையுங்கள், ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் கொட்டுங்கள். கொட்டினால் போதாது, ஓரத்தைத் தேய்த்தும் கழுவ வேண்டும், ஏடிஸ் முட்டை அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். பலர் கவனிக்காதது மேல்மண். அது இறுகிப்போனால் மழைத் தண்ணீர் மேலேயே தேங்கும். பழைய முள்கரண்டியால் கிளறிவிடுங்கள். அப்புறம், தொட்டிகளை ஒரே பக்கமாக வைத்து, நடக்க 1.2 மீட்டர் வழி விடுங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள்.

தங்கச்சி, வாண்டா மிஸ் ஜோக்கிம் ஆர்க்கிட் வளர்க்க ஆசை. எனக்கு வயது எழுபது, புளோக்கில் நான்காம் மாடி.

ஆசை நியாயம்தான் அண்ணே, 1981 முதல் நம் தேசிய மலர். ஆனால் அதற்கு நாள் முழுக்க வெயில் வேண்டும், கொம்பைப் பிடித்து ஏறி, நுனி கொம்பைத் தாண்டினபின்தான் பூக்கும். காரிடாரில் அது நடக்காது. கீழ்த்தளத்தில் சமூகத் தோட்டம் இருந்தால் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு டென்ட்ரோபியம் என்கிற ஆர்க்கிட் போதும்.

ஊரிலிருந்து கனகாம்பரச் செடியைப் பெட்டியில் வைத்துக் கொண்டு வரலாமா?

சும்மா கொண்டு வர முடியாது. அங்கே தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வாங்கணும், இங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி அனுமதி வேண்டும். ஒரு செடிக்கு இவ்வளவு அலைச்சலா? இங்கேயே தெரிந்தவர்களிடம் காய்ந்த கதிர் ஒன்று கேளுங்கள். அரை நிழலிலும் பூக்கும், காரிடாருக்கு ஏற்றது. கதிரை ஒரு கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு, மூடி வைத்துவிடுங்கள். நான் முதல் தடவை மூடாமல் விட்டேன். பட் பட்டென்று வெடித்து, பாதி விதை செருப்பு அலமாரிக்கு அடியில் போய்விட்டது.