‘ஜாம்பி 2’ பார்க்கும்போது சிரிப்பும் வருகிறது, கண்ணை மூடவும் தோன்றுகிறதே, ஏன்?

1979இல் லூசியோ ஃபுல்ச்சி எடுத்த இத்தாலியப் படம் இது; ஜாம்பி, அதாவது எழுந்து நடமாடும் பிணங்களைப் பற்றிய திகில் படம். இதற்கு முதல் பாகமே கிடையாது. அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவின் 1978 படமான ‘டான் ஆஃப் தி டெட்’ இத்தாலியில் ‘ஜாம்பி’ என்ற பெயரில் ஓடியது. அந்த ஓட்டத்தில் தொற்றிக்கொள்ளத்தான் இந்த ‘2’. தொடர்ச்சியை எதிர்பார்த்து உட்கார்ந்தால் கடுப்புதான் மிச்சம்.

சிரிப்புக்கு முதல் காரணம் டப்பிங். வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். அடுத்தது கடைசிக் காட்சி. ஜாம்பிகள் நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தின் மேல் நடைபாதையில் தள்ளாடி வருகின்றன. கீழே கார்கள் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன! போக்குவரத்தை நிறுத்தி எடுக்கிற பட்ஜெட்டா அது?

கண்ணை மூடவைப்பது மரச்சிம்புக் காட்சி. உடைந்த கதவு வழியே வரும் கை, பெண்ணின் தலைமுடியைப் பிடித்து, கதவில் நீட்டிக்கொண்டிருக்கும் கூரான மரச்சிம்பை நோக்கி மெல்ல இழுக்கிறது. சிம்பு, கண், சிம்பு, கண் என்று ஷாட்கள் மாறி மாறி நெருங்குகின்றன. வழக்கமாகக் குத்துகிற நொடியில் கட் செய்துவிடுவார்கள். இங்கே கேமரா விலகுவதே இல்லை. ஆனால் வயிற்றைப் பிசைவது குத்து அல்ல, அதற்கு முந்தைய அந்த நிதானம். பிரிட்டனில் இதைப் பல வருடம் வெட்டித்தான் வெளியிட்டார்கள்.

கடலுக்கடியில் ஜாம்பி நிஜச் சுறாவோடு மல்லுக்கட்டும் காட்சிக்கு மட்டும் சிரிப்பும் கைத்தட்டலும் சேர்ந்தே விழும்.